எலிக்கு பதட்டம்னு செய்தி வந்தா அந்த ஆராய்ச்சிய எப்படி படிக்கணும்

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும், தங்கச்சி ஒரு லிங்க் அனுப்பிட்டு "அக்கா, மூளைல ஒரு கெமிக்கல் கூடிட்டா பதட்டம் போகவே போகாதாம், எனக்கும் அப்படித்தானா"ன்னு கேட்டிருந்தா. அவ மூணு வருஷமா பதட்டத்துக்கு மாத்திரை எடுத்துக்கிறா. தொறந்து பாத்தா அது எலிய வச்சு பண்ண ஆராய்ச்சி, எலிங்கற வார்த்தையே அஞ்சாவது பாராலதான் வருது, அதுக்குள்ள படிக்கிறவங்களுக்கு உயிரே போயிடும். எம்எஸ்சி முடிச்சிட்டு ரெண்டு வருஷம் எலி வச்சு வேலை நடக்குற ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டா இருந்தவ நான், இந்த மாதிரி பேப்பர் எப்படி உருவாகுதுன்னு கிட்ட நின்னு பாத்திருக்கேன். அன்னைக்கு போன்ல அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னத கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன். பயாலஜி படிக்காதவங்களும் இத வச்சு ஒரு பேப்பர நிதானமா படிச்சிடலாம்.

முதல்ல செய்திய மூடிட்டு பேப்பர தேடுங்க. செய்தில ஆராய்ச்சியாளர் பேரோ ஜர்னல் பேரோ பெரும்பாலும் இருக்கும், அத பப்மெட்ங்கற மருத்துவ ஆராய்ச்சி பேப்பர் தேடுற வெப்சைட்ல போட்டா வந்துடும், நிறைய பேப்பர் அங்கயே முழுசா ஃப்ரீயா கிடைக்கும். காசு கேட்டா அந்த பக்கத்துல இருக்குற ஆத்தர் மெயிலுக்கு ரெண்டு வரி எழுதி கேளுங்க, அவங்க பிடிஎஃப் அனுப்புறதுல தப்பு ஒண்ணும் இல்ல, கேட்டா சந்தோஷமா அனுப்புறவங்க நிறைய பேர். பேப்பர் கைக்கு வந்ததும் சுருக்கத்த விட்டுட்டு நேரா மெத்தட்ஸ் பகுதிக்கு போங்க. சுருக்கத்துல அவங்க சொல்ல ஆசைப்படுறது இருக்கும், மெத்தட்ஸ்ல அவங்க செஞ்சது இருக்கும். கைல ஒரு பேனாவும் பேப்பரும் வச்சுக்கோங்க.

பழகுறதுக்கு நான் தங்கச்சிக்கு எடுத்துக் கொடுத்தது பெங்களூருல என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல சுமந்த்ரா சட்டர்ஜியோட குழு வருஷக்கணக்கா பண்ணிட்டு வந்த வேலைய. நீண்ட நாள் பதட்டம்ங்கற விஷயத்துல ஒரே கேள்விய விடாம துரத்தினவங்க, அதுனால இங்கயும் அதையே வச்சு போறேன்.

மெத்தட்ஸ்ல முதல் பாரால என்ன மிருகம்னு இருக்கும். எலின்னா பெரிய எலியா சுண்டெலியா, எந்த வகை, ஆணா பெண்ணா, என்ன வயசு, ஒரு கூண்டுல எத்தனை. பெங்களூரு வேலைல ஆண் விஸ்டார் எலிங்க, விஸ்டார்ங்கறது லேப்ல வளக்குற ஒரு பெரிய எலி வகை. இந்த ஆண்ங்கற வார்த்தைய அடிக்கோடு போடுங்க, ஏன்னா 2011-ல பீரி, ஸக்கர்னு ரெண்டு பேர் கணக்கு எடுத்தப்ப, நரம்பியல் ஆராய்ச்சில ஒரே பாலினத்த மட்டும் வச்சு பண்ணதுல, பெண் மிருகத்துல பண்ணது ஒண்ணுன்னா ஆண்ல பண்ணது அஞ்சரைன்னு வந்துச்சு. பதட்ட நோய் மனுஷங்கள்ல பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். எனக்கு இது இன்னைக்கும் மனசு ஆறாத விஷயம்.

அடுத்து எலிய எப்படி தொட்டாங்கன்னு எழுதியிருக்காங்களான்னு பாருங்க. சின்ன விஷயமா தெரியும், ஆனா 2010-ல லிவர்பூல்ல ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் ரெண்டு பேரும் சுண்டெலிய வாலப் புடிச்சு தூக்குனா ஒரு மாதிரியும், குழாய்க்குள்ள ஏறவிட்டோ உள்ளங்கைல ஏந்தியோ எடுத்தா வேற மாதிரியும் பதட்டம் அளவாகுதுன்னு காட்டுனாங்க. வாலப் புடிச்சு தூக்குன சுண்டெலிதான் கூடுதல் பதட்டத்தோட இருந்துச்சு. அதாவது டெஸ்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே நம்ம கையே ஒரு ஸ்ட்ரெஸ் ஆயிடுது. 2014-ல மெக்கில் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி மோகில் குழு இன்னொண்ணு பண்ணாங்க, ஆம்பளைங்க பக்கத்துல இருந்தாலே, ஏன் அவங்க போட்டுட்டு இருந்த டீசர்ட்ட பக்கத்துல வச்சாலே போதும், எலிக்கு ஸ்ட்ரெஸ் ஏறுதுன்னு. நான் லேப்ல சேந்த முதல் ரெண்டு வாரம் எனக்கு கொடுத்த வேலையே தினமும் ஒவ்வொரு எலியையும் அஞ்சு நிமிஷம் கைல வச்சுக்கறதுதான். முதல் நாள் என் மணிக்கட்டுல நகம் பதிய இறுக்கி புடிச்சிட்டு நடுங்கினது, எட்டாவது நாள் சட்டைக் கைக்குள்ள தானா மூக்க விட்டு ஏறும். அந்த ரெண்டு வாரம் இல்லாம டெஸ்ட்டுக்கு போயிருந்தா நாங்க அளந்திருக்கறது என் கைய பாத்து வந்த பயத்த.

அப்புறம் ஸ்ட்ரெஸ்னு எத சொல்றாங்கன்னு பாருங்க. இதுல ஆளாளுக்கு வேற. சில லேப்ல முரட்டு எலியோட கூண்டுல விடுவாங்க, சில இடத்துல குட்டிய அம்மாகிட்ட இருந்து பிரிப்பாங்க, பெங்களூருல பண்ணது அசைய விடாம வைக்கிறது. எலிய கூம்பு மாதிரி இருக்குற ஒரு பைல போட்டு ரெண்டு மணி நேரம், சாப்பாடு தண்ணி இல்லாம, தினம் ஒரு வேளை, பத்து நாள். குரங்குல பண்றவங்க வேற வழி வச்சிருக்காங்க, விஸ்கான்சின்ல நெட் காலின் குழு இளசான ரீசஸ் குரங்கு கூண்டு பக்கத்துல ஒரு அறிமுகமில்லாத ஆள் பக்கவாட்டுல முகத்த காட்டி, குரங்க பாக்காம நிப்பாரு, குரங்கு எவ்வளவு நேரம் அசையாம உறைஞ்சு போய் உக்காந்திருக்குன்னு எண்ணுவாங்க. எல்லாத்துக்கும் செய்தில ஒரே பேரு, ஸ்ட்ரெஸ். வேலைல மேனேஜர் திட்டுறதும் பைல கட்டி வைக்கிறதும் ஒண்ணு இல்லல்ல, அதுனால எது நடந்துச்சோ அத அப்படியே உங்க வார்த்தைல எழுதிக்கோங்க.

இப்பதான் முக்கியமான இடம். கெமிக்கல் பேர பாக்குறதுக்கு முன்னாடி காலண்டர பாருங்க. பேப்பர்ல ஒரு நீளக் கோடு போடுங்க, ஸ்ட்ரெஸ் தொடங்குன நாள், முடிஞ்ச நாள், டெஸ்ட் வச்ச நாள், மூளைய எடுத்த நாள், நாலையும் குறிங்க. நீண்ட நாள் பதட்டம்னு ஒருத்தர் சொல்றதுக்கு ஆதாரம் இந்த கோட்டுலதான் இருக்கு, ஸ்ட்ரெஸ் முடிஞ்ச மறுநாளே அளந்திருந்தா அத நீண்ட நாள்னு சொல்லவே முடியாது, அது வெறும் இன்னும் அடங்காத பயமா இருக்கலாம்.

பெங்களூரு வேலைய இந்த கோட்டுல வச்சு பாத்தா அப்படியே கதை தெரியும். 2002-ல அவங்க பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிலையத்து சங்கரநாராயண ராவோட சேந்து போட்ட பேப்பர்ல, பத்து நாள் ஸ்ட்ரெஸ்க்கு அப்புறம் மூளைல ரெண்டு இடத்த பாத்தாங்க. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ்ல நரம்பு செல்லோட கிளைங்க சுருங்கியிருந்துச்சு, பயத்துக்கு முக்கியமான அமிக்டலால அதே மாதிரி செல்லோட கிளைங்க பரந்து வளந்திருந்துச்சு. ஒரே எலி, ஒரே ஸ்ட்ரெஸ், ஒரு இடம் வாடுது இன்னொரு இடம் தழைக்குது. ஆனா இது இன்னும் காலண்டர் கேள்விக்கு பதில் சொல்லல. 2004-ல திரும்ப பண்ணாங்க, இந்த தடவ பத்து நாள் ஸ்ட்ரெஸ்க்கு அப்புறம் 21 நாள் எலிய நிம்மதியா விட்டுட்டு பாத்தாங்க. ஹிப்போகாம்பஸ் பழையபடி திரும்பிடுச்சு, அமிக்டலா கிளைங்க அப்படியே இருந்துச்சு, பதட்டமும் அப்படியே இருந்துச்சு. இந்த 21 நாள் இடைவெளி இருக்கறதாலதான் அவங்க நீண்ட நாள்னு சொல்றத நான் நம்புறேன்.

அதவிட என்ன ரொம்ப யோசிக்க வச்சது 2005-ல வந்தது. இந்த தடவ ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவ, ரெண்டு மணி நேரம். மறுநாள் பாத்தா ஒரு மாற்றமும் இல்ல, எலி நல்லா இருக்கு. பத்து நாள் கழிச்சு பாத்தா பதட்டம் கூடியிருக்கு, அமிக்டலா செல்லுல ஸ்பைன்னு சொல்ற குட்டி முள்ளு மாதிரியான இணைப்புங்க எண்ணிக்கையும் கூடியிருக்கு. யோசிச்சு பாருங்க, இதே ஆராய்ச்சிய மறுநாள் மட்டும் அளந்துட்டு நிறுத்தியிருந்தா "ஒரு தடவ ஸ்ட்ரெஸ் வந்தா ஒண்ணும் ஆகாது"ன்னு தலைப்பு வந்திருக்கும். விபத்து நடந்தப்ப நல்லா இருந்தேன், ரெண்டு வாரம் கழிச்சுதான் ராத்திரி தூக்கம் போச்சுன்னு சொல்ற மனுஷங்க நமக்கு தெரியும், அத எலில பாக்கறதுக்கு ஒரு வழி இந்த பத்து நாள் இடைவெளில கிடைச்சுது.

காலண்டர் போட்டாச்சுன்னா கெமிக்கலுக்கு வரலாம். எந்த கெமிக்கல் பேர் வந்தாலும் மூணு கேளுங்க. மூளைல எந்த இடத்துல? எந்த நாள்? சும்மா அளந்தாங்களா, இல்ல அத மாத்தி பாத்தாங்களா?

இடம் எவ்வளவு முக்கியம்னு பிடிஎன்எஃப்ங்கற புரதத்த வச்சு புரிஞ்சுக்கலாம். நரம்பு செல் வளர உதவுற புரதம், இணையத்துல பாதி பேர் இத மூளைக்கு உரம்னு சொல்லி கூட்டச் சொல்றாங்க. 2012-ல அதே குழு அளந்தப்ப, பத்து நாள் ஸ்ட்ரெஸ்ல அது ஹிப்போகாம்பஸ்ல குறைஞ்சிருந்துச்சு, அமிக்டலால கூடியிருந்துச்சு, 21 நாள் கழிச்சும் அமிக்டலால கூடுனது கூடுனபடியே இருந்துச்சு. அப்ப பிடிஎன்எஃப் நல்லதா கெட்டதான்னு கேட்டா பதில் இல்ல, எந்த இடத்துலன்னு கேட்டாதான் பதில் இருக்கு. ஒரு செய்தில "இந்த கெமிக்கல் மூளைல கூடுது"ன்னு மட்டும் போட்டு இடம் சொல்லலன்னா அந்த வரிய தாண்டி போங்க.

எந்த நாள்ங்கறதுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன். நமக்கு கார்டிசால், எலிக்கு கார்டிகோஸ்டீரோன். இத வில்லன்னே எல்லாரும் எழுதுறாங்க, ஆனா 2012-ல பெங்களூருல இருந்தே வந்த இன்னொரு பேப்பர்ல அந்த ஒரு நாள் ஸ்ட்ரெஸ்க்கு முன்னாடியே எலிக்கு குடிக்கிற தண்ணில கார்டிகோஸ்டீரோன் கலந்து கொடுத்தாங்க, பத்து நாள் கழிச்சு வர வேண்டிய பதட்டமும் ஸ்பைன் பெருக்கமும் தடுக்கப்பட்டுச்சு. அதே ஹார்மோன் வாரக்கணக்கா ஏறியே இருந்தா கெடுக்குது, ஸ்ட்ரெஸ்க்கு முன்னாடி ஒரு தடவ ஏறியிருந்தா காக்குது. இத படிச்சதுக்கு அப்புறம் கார்டிசால குறைக்கும்னு விக்கிற பவுடர் விளம்பரத்த பாத்தா எனக்கு கோவம்தான் வருது.

சிரட்டோனின்னு மனநிலையோட சம்பந்தப்பட்ட ஒரு மூளை கெமிக்கல் இருக்கு, அதோட கதையும் இதேதான். கொலம்பியா யுனிவர்சிட்டில ரெனே ஹென் குழு 2002-ல காட்டுனது, 5ஹெச்டி1ஏன்னு ஒரு சிரட்டோனின் ரிசெப்டர், அதாவது செல்லுல அந்த கெமிக்கலோட சேதிய வாங்குற இடம், அது இல்லாத சுண்டெலி பதட்டமா இருக்கும், ஆனா வளந்த பிறகு அந்த ரிசெப்டர் இருக்கா இல்லையாங்கறதவிட, பொறந்த கொஞ்ச வாரத்துல முன்மூளைல இருந்துச்சாங்கறதுதான் தீர்மானிக்குது. 2004-ல ஆன்சோர்ஜ் குழு சுண்டெலி குட்டிக்கு 4-வது நாள்ல இருந்து 21-வது நாள் வரைக்கும் ஃப்ளூவாக்செட்டின் கொடுத்து நிறுத்திட்டாங்க, வளந்த பிறகு அதுங்ககிட்ட பதட்டம் மாதிரியான நடத்தை கூடுதலா இருந்துச்சு. வளந்தவங்களுக்கு பதட்டத்த குறைக்க கொடுக்குற அதே மருந்து. ஒண்ணு சொல்லிடறேன், இது குட்டி சுண்டெலியோட மூளை கட்டமைஞ்சிட்டு இருக்குற நாட்கள்ல நடந்தது, வளந்த ஒரு ஆள் இன்னைக்கு சாப்பிடுற மாத்திரைய பத்தி இது ஒண்ணும் சொல்லல.

மூணாவது கேள்வி, அளந்தாங்களா மாத்துனாங்களா. ஒரு கெமிக்கல் கூடியிருக்கு, பதட்டமும் கூடியிருக்குன்னா ரெண்டும் சேந்து நடந்துச்சு அவ்வளவுதான். மழை வந்தா குடையும் வருது, குடைதான் மழைய கொண்டு வந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோம். காரணம்னு சொல்லணும்னா அத தடுத்து பாக்கணும். 2016-ல பெங்களூரு குழு போட்ட பேப்பர்ல அப்படி பண்ணாங்க, நரம்பு செல்ல தூண்டுற குளுட்டமேட்ங்கற கெமிக்கலோட சேதிய வாங்குற என்எம்டிஏ ரிசெப்டர, ஸ்ட்ரெஸ் நடக்குற அந்த ரெண்டு மணி நேரத்துல, அமிக்டலாக்குள்ளயே மருந்து விட்டு அடைச்சாங்க, பத்து நாள் கழிச்சு பாத்தா ஸ்பைன் கூடல. அதாவது பத்தாவது நாள் தெரியுற மாற்றத்துக்கு விதை முதல் நாளே விழுந்துடுதுன்னு இதுல இருந்து சொல்ல முடியுது. தடுத்து பாத்தோம்ங்கற வரி பேப்பர்ல இருந்தா அதுக்கு பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுங்க.

சரி, எலிக்கு பதட்டம்னு எப்படி கண்டுபுடிக்கிறாங்க? பாதி பேப்பர்ல ப்ளஸ் மேஸ்தான் இருக்கும். கூட்டல் குறி மாதிரி நாலு பலகை, தரைல இருந்து அரை மீட்டர் உயரத்துல, ரெண்டு பலகைக்கு சுவர் உண்டு, ரெண்டுக்கு கிடையாது. எலிய நடுவுல விட்டு அஞ்சு நிமிஷம் பாப்பாங்க. எலிக்கு வெட்டவெளின்னா பயம், புது இடத்த மோந்து பாக்கவும் ஆசை, இந்த ரெண்டுக்கும் நடுவுல நடக்குற இழுபறிதான் டெஸ்ட். கிட்ட இருந்து பாத்தா மனசு என்னமோ பண்ணும். பின்னங்கால் ரெண்டும் சுவருக்குள்ளயே ஊணி இருக்கும், உடம்ப ரப்பர் மாதிரி நீட்டி மூக்க மட்டும் திறந்த பலகை மேல வச்சு மீசைய ஆட்டும், ஒரு அடி வைக்கும், சட்டுனு உள்ள இழுத்துக்கும், திரும்ப நீட்டும். ஆனா பேப்பர்ல கடைசில வர்றது ஒரே ஒரு நம்பர், திறந்த பலகைல எத்தனை செகண்ட். அந்த நம்பரத்தான் செய்தில பதட்டம்னு மாத்திடறாங்க. நல்ல பேப்பர்ல பதட்டம் மாதிரியான நடத்தைன்னுதான் எழுதியிருப்பாங்க, அந்த மாதிரியானங்கற வார்த்தைய நீங்களும் விட்டுடாதீங்க.

இங்க மூணு இடத்துல தடுக்கி விழலாம். எலி மொத்தமாவே குறைவா நடந்திருந்தா திறந்த பலகைக்கும் குறைவாத்தான் போகும், அதுக்கு பயம் காரணம் இல்ல, சோர்வா இருக்கலாம், அதுனால மொத்தம் எத்தனை தடவ உள்ள வெளிய போச்சுங்கற கணக்கு இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது, ஒரே எலிய ரெண்டாம் தடவ அதே மேஸ்ல விட்டா டெஸ்ட்டே மாறிடுது, முதல் தடவ வேலை செஞ்ச டயஸிபாம்ங்கற பதட்டத்த குறைக்கிற மருந்து கூட ரெண்டாம் தடவ வேலை செய்யாதுன்னு சாண்ட்ரா ஃபைல் காட்டியிருக்காங்க, அதுனால 1-வது நாளும் 10-வது நாளும் அளந்தோம்னு சொன்னா வேற வேற எலியான்னு பாருங்க. மூணாவது, லேப் மாறுனா நம்பர் மாறும். 1999-ல க்ராப், வால்ஸ்டன், டூடெக் மூணு பேர் மூணு ஊர்ல ஒரே வகை சுண்டெலி, ஒரே கருவி, ஒரே நேரம், எல்லாம் ஒண்ணா வச்சு பண்ணியும் முடிவுங்க பல இடத்துல ஒத்துப்போகல, ப்ளஸ் மேஸ்ல அது நல்லாவே தெரிஞ்சுது. அதுக்காக டெஸ்ட் வீண்னு நான் சொல்லல, ஒரே ஒரு டெஸ்ட்ட நம்பி நிக்கிற பேப்பர விட ரெண்டு மூணு டெஸ்ட்ல ஒரே பக்கம் சாயுற பேப்பர் மேல கூட நம்பிக்கை வைங்க.

எண்ணிக்கை பத்தி ரெண்டு வரி போதும். 48 நரம்பு செல் பாத்தோம்னு இருந்தா எத்தனை எலில இருந்துன்னு தேடுங்க, எட்டு எலில இருந்து ஆறாறு செல்னா அது எட்டுதான். அளந்தவருக்கு எந்த எலி எந்த க்ரூப்னு தெரியாம இருந்துச்சான்னும் பாருங்க, ஒரு வாக்கியம்தான் இருக்கும், அது இல்லன்னா எனக்கு உறுத்தும்.

கடைசியா எலில இருந்து மனுஷனுக்கு தாவுற இடம். இங்க ஒரு வலிக்கிற கதை இருக்கு. சிஆர்எஃப்னு ஒரு சின்ன புரதம், 41 அமினோ ஆசிட், 1981-ல சால்க் இன்ஸ்டிட்யூட்ல வைலி வேல் குழு செம்மறி ஆட்டு மூளைல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வரிசையே இதுல இருந்துதான் கிளம்புது, எலில இதோட ரிசெப்டர அடைச்சா பதட்டம் குறையுது, எல்லாரும் அடுத்த பெரிய மருந்து இதுதான்னு நம்புனாங்க. பெக்சாசெர்ஃபான்ட்ங்கற மருந்த பதட்ட நோய் இருக்குறவங்களுக்கு கொடுத்து 2010-ல முடிவு வந்தப்ப, மருந்தே இல்லாம ஒப்பிட்டுப் பாக்க கொடுத்த மாத்திரைய விட ஒண்ணும் மேல இல்ல. மறுபக்கம் டயஸிபாம் குடும்பம் எலிலயும் வேலை செய்யுது நம்மகிட்டயும் வேலை செய்யுது, ஏன்னா காபாங்கற அமைதிப்படுத்துற கெமிக்கலோட ரிசெப்டர் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. 1985-ல ப்ளஸ் மேஸ் சரியான டெஸ்ட்டான்னு பாத்தப்பவே இந்த குடும்பத்து மருந்துங்கள வச்சுத்தான் பாத்தாங்க, அதுனால அந்த மாதிரி மருந்த புடிக்கிறதுல அது கெட்டி, இன்னைக்கு டாக்டருங்க அதிகமா எழுதுற சிரட்டோனின் மாத்திரைங்கள அதே மேஸ் ஒழுங்கா புடிக்கிறது இல்ல. எலில வேலை செய்யலங்கறதுக்காகவோ செஞ்சதுங்கறதுக்காகவோ யாரும் தான் சாப்பிடுற மாத்திரைய நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம், அத உங்க டாக்டர்கிட்ட பேசி மட்டும் பண்ணுங்க, தங்கச்சிகிட்ட சத்தியமே வாங்கிட்டேன்.

இவ்வளவும் குறிச்சதும் பேப்பர மூடிட்டு ஒரே வாக்கியத்துல எழுதி பாருங்க, எந்த மிருகம், என்ன பண்ணாங்க, எத்தனை நாள் கழிச்சு, எந்த இடத்துல, எத அளந்தாங்க. தங்கச்சி 2004 பேப்பருக்கு எழுதுனது இது: "ஆண் விஸ்டார் எலிங்கள பத்து நாள், தினம் ரெண்டு மணி நேரம் அசைய விடாம வச்சு, அப்புறம் 21 நாள் சும்மா விட்டு பாத்தப்ப, அமிக்டலால வளந்த கிளைங்க சுருங்கல, பதட்டம் மாதிரியான நடத்தையும் குறையல." எழுதி அனுப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டா, "அக்கா, 22-வது நாள் என்ன ஆச்சு?"

அந்த பேப்பர்ல 22-வது நாள் கிடையாதுடி. செல்லோட கிளைய எண்ணணும்னா மூளைய வெளிய எடுக்கணும், அதுக்கு எலிய கொன்னுதான் ஆகணும். எங்க லேப்ல அந்த நாள் வர்றப்ப எலி தானா என் கைல ஏறி வந்துச்சு, ரெண்டு வாரமா நான் பழக்குனதுல்ல. அதுக்கப்புறம் அது எத்தனை நாள்ல சரியாகியிருக்கும், ஆகாமலே போயிருக்குமாங்கறது அந்த கோட்டுல இல்ல. செய்தில போகவே போகாதுன்னு எழுதுனவங்க, கோடு முடியுற இடத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எழுதியிருக்காங்க. உன் லிங்க்லயும் டெஸ்ட் வச்ச கடைசி நாள் எதுன்னு தேடி குறிச்சு வை, நாளைக்கு சாயங்காலம் போன் பண்றேன், சேந்து படிக்கலாம்.